மூச்சுமுட்டிய கார்

வில்லுக்குறி பாலத்தைத் தாண்டியதும் கார் இரண்டு முறை விக்கியது. மூன்றாவது விக்கலில் நின்றேவிட்டது.

பின்சீட்டில் பட்டுச்சேலை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சொர்ணம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"என்ன மக்கா, பெண்ணு வீடு வந்துட்டா?"

"இல்லம்மா, வில்லுக்குறிதான் வந்திருக்கு."

"பொறவு எதுக்கு நிறுத்தினே?"

"நான் எங்க நிறுத்தினேன்? அதுவா நின்னுட்டு" என்று சொல்லிக்கொண்டே பொன்னுலிங்கம் இறங்கினான்.

முன்சீட்டில் இருந்த அவனுடைய தாய்மாமன் முத்துநாயகத்தால் உடனே இறங்க முடியவில்லை. மடியில் பித்தளைத் தட்டம். தட்டத்தில் நேந்திரம்பழம், வெற்றிலை, கற்கண்டு, தோவாளையில் வாங்கிய பிச்சிப்பூ. அக்குளில் புதுக்குடை. அவர் தட்டத்தை அக்காவின் மடிக்கு மாற்றிவிட்டு மெதுவாக இறங்கினார்.

"நாலரைக்கு ராகு காலம் பிறந்துரும்" என்றாள் சொர்ணம்மாள். "அதுக்கு முன்ன அந்த வீட்டுப் படி ஏறணும். ஞாபகம் இருக்கட்டு."

மணி ஒன்று ஆகியிருந்தது. பேச்சிப்பாறைக்கு இன்னும் இருபது மைலுக்குக் குறையாது.

பொன்னுலிங்கம் கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவன். அதற்கு முன்னால், யுத்த காலத்தில், பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் மலைகளில் மூன்று வருடம் லாரி ஓட்டியிருந்தான். ஓட்டியது மட்டுமல்ல, வழியில் நின்ற லாரியைப் பிரித்துப் பூட்டி ஓடவைக்கவும் பழகியிருந்தான். அந்த மூன்று வருடத்தைப் பற்றி அவனுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. சொர்ணம்மாளுக்கோ அதை வெளியே சொல்லவே கூச்சம். "கையில கரி பிடிச்சவனுக்கு ஆரு பெண்ணு தருவா?" என்று தரகரிடம் பட்டாளத்துப் பேச்சையே மூடிவிட்டாள். ஆனால் பேச்சுவாக்கில், "பையனுக்குச் சொந்தத்தில காரு உண்டு" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

தரகர் அந்த வார்த்தையைப் பத்திரமாகப் பேச்சிப்பாறை வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். பெண்ணின் அப்பா பகவதியப்பன் ரப்பர் தோட்டத்து முதலாளி. "காரிலேயே வரட்டும், ரோடு நல்ல ரோடுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இனி கார் வேண்டுமே!

பொன்னுலிங்கத்தோடு பள்ளிக்கூடத்தில் படித்த ராஜையன் வடசேரியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தான். அவன் முற்றத்தில் ஒரு கறுப்புக் கார் நின்றது.

"இது ஆருக்கது?" என்று கேட்டான் பொன்னுலிங்கம்.

"எனக்கதுதான்" என்றான் ராஜையன் தலையைத் தூக்காமலே. "வாங்கிப் போட்டிருக்கேன். உனக்கு வேணும்னா ஞாயிற்றுக்கிழமை கொண்டு போ. டேங்க் நெறைய பெட்ரோல் கெடக்கு. எங்க போற?"

பெண் பார்க்கப் போகிற ஊரைப் போய்வருமுன் வெளியே சொன்னால் காரியம் கூடாது என்பது சொர்ணம்மாளின் நம்பிக்கை. அதனால் பொன்னுலிங்கம், "சும்மா, சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்றான்.

"போயிட்டு வா. வழியில நின்னுதுன்னா பதறாத. ஒரு பீடி குடி. பொறவு தானா கெளம்பும்."

பீடி குடித்தால் ஓடுகிற கார்! பட்டாளத்தில் அப்படி ஒரு பாடம் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொல்லிச் சிரித்தான்.

இப்போது அந்தக் கார் வில்லுக்குறியில் நின்றது. பொன்னுலிங்கம் பானெட்டைத் தூக்கினான். ஜவுளிக்கடையில் ஒருநாளும் அவன் முகத்தில் வராத களை அப்போது வந்தது.

"மாமா, இஞ்ச வாருங்க. இதாக்கும் பெட்ரோல் பம்பு. டேங்க் பின்னால கெடக்கு, எஞ்சின் முன்னால கெடக்கு. பின்னால கெடக்க பெட்ரோல முன்னால இழுத்துட்டு வரது இவன்தான்."

"உள்ள மோட்டரு உண்டா?"

"மோட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரப்பர் பூசின ஒரு வட்டத் துணி. டயாப்ரம்னு சொல்லுவாங்க. எஞ்சின் சுத்தும்போ ஒரு கம்பு அதை இழுத்து இழுத்து விடும். இழுக்கும்போ டேங்க்கிலருந்து உறிஞ்சும். விடும்போ கார்புரேட்டருக்குத் தள்ளும். நம்ம நெஞ்சு மூச்சு இழுத்து விடுகுல்லா, அது மாதிரி."

"அப்போ இதுக்கு இளைப்பு வந்திருக்கு" என்றார் முத்துநாயகம். மழைக்காலத்தில் அவருக்கு இளைப்பு வரும்.

"இளைப்பு இல்ல மாமா, சளி. இந்தக் கண்ணாடிக் கிண்ணத்தப் பாத்தியளா? பெட்ரோல் மொதல்ல இதுல வந்து நிக்கும். தண்ணியும் துரும்பும் அடியில தங்கிரும். மேல ஒரு கம்பிவலை இருக்கும், மிச்ச அழுக்க அது அரிக்கும். அதுதான் பில்டர். நம்ம வீட்டு சாயா அரிப்பு மாதிரி."

கிண்ணத்தைக் கழற்றினான். அடியில் விரல் நுனி அளவுக்குச் செம்மண் நிறத்தில் துரு. வலையிலும் அதே துரு. பொன்னுலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கண்டியளா! பிடிச்சாச்சு!"

வலையைப் பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதி, வெயிலில் பிடித்துப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது. திரும்பப் பூட்டும்போதுதான், கிண்ணத்துக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த தக்கை வளையம் அவன் விரல் பட்டு முறுக்குப் போல நொறுங்கியது.

"அது போனா என்ன?"

"காத்து இழுக்கும். காத்து இழுத்தா பெட்ரோல் இழுக்காது" என்ற பொன்னுலிங்கத்தின் பார்வை மாமாவின் இடுப்புக்குப் போனது. அங்கே வெற்றிலை, புகையிலை வைக்கும் தோல்பை தொங்கியது.

"லேய், இது கொழும்பிலருந்து வந்ததாக்கும்!"

"மாமா, ஒரு வட்டம். ஒரே ஒரு வட்டம்."

புகையிலை முத்துநாயகத்தின் மடிக்குப் போனது. தோல்பை பம்புக்குப் போனது. அரைமணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது கார் செருமிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியளா! சளிய எடுத்ததும் எப்படிப் பாடுகு!"

"மக்கா" என்றாள் சொர்ணம்மாள் பின்னாலிருந்து. "அங்க போயி இந்தப் பம்புப் பேச்சு எடுக்கப்படாது. கேட்டியா? காருக்காரன் காரப் பத்திப் பேசமாட்டான். டிரைவர்தான் பேசுவான்."

தக்கலையைக் கடந்து, பத்மநாபபுரம் கோட்டையைக் கடந்து, சித்திரங்கோட்டில் ஒரு குளத்தங்கரையில் கார் மறுபடியும் விக்கியது. நின்றது.

முத்துநாயகம் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். "பொன்னு, ராஜையன் சொன்ன மாதிரி ஒரு பீடி குடிச்சுப் பாப்போமா?"

"பீடிக்கு ஓடக்கூடிய வண்டிய நான் ஓட்டினதில்ல மாமா." பொன்னுலிங்கம் பெண் பார்க்கப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி சீட்டில் போட்டான். "பில்டர் சுத்தம். கிண்ணம் காலி. அப்போ பெட்ரோல் வரல்ல. வரல்லன்னா பம்பு இழுக்கல்ல. பம்பு இழுக்கல்லன்னா டயாப்ரம் கிழிஞ்சிருக்கு. கணக்கு அவ்வளவுதான்."

பம்பை முழுதாகக் கழற்றி, ஆறு திருகாணிகளை எடுத்து, இரண்டாகப் பிளந்தான். டயாப்ரம் தட்டையாக, கறுப்பாக, ஒரு பப்படம் போல இருந்தது. வெயிலில் பிடித்தான். ஓட்டை இல்லை. திருப்பிப் பிடித்தான். விரிசல் இல்லை.

"நல்லா இருக்கே" என்றார் முத்துநாயகம்.

"கண்ணுக்குத் தெரியாத கிழிசல் இருக்கும் மாமா. கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாத்தான் தெரியும்."

ஒரு நாளைக்கு இருநூறு முறை துணி கிழித்துப் பழகிய கை அது. இரண்டு பெருவிரலும் சேர்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்ததும் மற்றதெல்லாம் தானாக நடந்துவிட்டது.

டர்ர்ர்.

"அது என்ன சத்தம் மக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. கோளாற கண்டுபிடிச்சாச்சு."

முத்துநாயகம் கிழிசலையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, குடையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தோல்பை போச்சு. குடையும் போகணுமோ?"

"மாமா, நல்ல நெருக்கமான நெசவு. நான் ஜவுளிக்கடைக்காரன் சொல்லுகேன். இதவிட நல்ல துணி இந்த வழிக்கு இல்ல."

குடைத்துணியில் நான்கு வட்டம் வெட்டினான். குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு துண்டு சவுக்காரம் கேட்டு வாங்கி, நான்கு வட்டத்திலும் அழுத்தித் தேய்த்தான்.

"சவுக்காரம் எதுக்குலே?"

"சவுக்காரம் பெட்ரோல்ல கரையாது. பட்டாளத்துல டேங்க் ஒழுகினா இதத்தான் அப்புவோம். வெள்ளக்கார சார்ஜென்டே என்னக் கூப்பிட்டுத்தான் அப்பச் சொல்லுவான்."

நான்கையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பூட்டினான். கார் கிளம்பியது. ஆனால் முன்னைப்போல அல்ல. சொட்டுச் சொட்டாக வழியெல்லாம் பெட்ரோல் சிந்திக்கொண்டு, நொண்டிக்கொண்டு போனது. முத்துநாயகத்தின் குடை, கம்பி மட்டுமாக, எலும்புக்கூடு போல அவர் அக்குளில் இருந்தது.

குலசேகரம் கடைவீதி தாண்டி, பேச்சிப்பாறை ஏற்றம் தொடங்குகிற இடத்தில், மணி மூன்றே முக்காலுக்கு, கார் மூன்றாம் முறையாக நின்றது. கிண்ணம் இந்த முறையும் காலி. பம்பின் அடியில் சவுக்கார நுரை.

எதிரே மரச்சீனிக் கிழங்கு ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரன் வண்டியை நிறுத்திப் பார்த்தான். நல்ல மனுஷன்.

"மாட்ட அவுத்துக் கெட்டி இழுத்து விடட்டா? எங்க போகணும்?"

சொர்ணம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "வேண்டாம்ப்பா. நீ போ." வண்டி போனதும் மகனிடம் திரும்பினாள். "காரு உண்டுன்னு சொன்னது நான்தான். தப்புதான். ஆனா மாடு இழுத்துட்டுப் போற காருல நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். திரும்பி நடப்போம் மக்கா. பெண்ணு வேற எடத்துல பாப்போம்."

அம்மா இப்படிப் பேசிப் பொன்னுலிங்கம் கேட்டதில்லை. புறப்படும்போது அத்தனை திடமாக இருந்த முகம், இப்போது வேர்வையில் கரைந்து கிடந்தது. அவன் பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீ தட்டத்தப் பிடிச்சிட்டு உள்ள இரி. நாலரைக்கு முன்ன நான் உன்ன அங்க கொண்டு சேக்கேன். காரிலேயே."

மாமாவிடம் போனான். "பம்பு எதுக்கு மாமா இருக்கு? பெட்ரோல் தாழ்ந்து கெடக்கு, எஞ்சின் ஒசந்து இருக்கு. அதான் இழுக்க ஒருத்தன் வேணும். பெட்ரோல மேல தூக்கி வச்சிட்டா?"

"வச்சிட்டா?"

"தானே கீழ இறங்கும்லா? பம்பே வேண்டாம்!"

சாயாக்கடையில் ஒரு காலி டின் கிடைத்தது. காரின் சாமான் பையில் ரப்பர் குழாய் இருந்தது. பெட்ரோல் எடுக்க டேங்க் மூடியைத் திருகினான்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

நீளமாக, வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சைப்போல ஒரு சத்தம். பொன்னுலிங்கம் அப்படியே நின்றான். மூடியைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் வெளிறியது. பிறகு சிவந்தது.

"என்னலே, பாம்பா?"

"காத்து மாமா. டேங்க் காத்து இழுக்கு." அவன் மெதுவாகப் பேசினான். "பெட்ரோல் கொறையக் கொறைய, அந்த எடத்துக்கு வெளியிலருந்து காத்து போகணும். அதுக்கு மூடியில ஒரு ஊசி ஓட்டை உண்டு. அது அடைஞ்சு கெடக்கு. காத்து போகாட்டா பம்பு எப்படி இழுத்தாலும் பெட்ரோல் வராது. இளநியில காத்துப் போக எடம் விடாம வாய அழுத்தி வச்சு உறிஞ்சின மாதிரி. கொஞ்ச நேரம் சும்மா நிறுத்திப் போட்டா, இடுக்கு வழியா காத்து கசிஞ்சு போகும். திரும்ப மூணு நாலு மைல் ஓடும்."

முத்துநாயகம் இதை நிதானமாக யோசித்தார்.

"அப்போ ஒரு பீடி குடிச்சா போதும்னு ராஜையன் சொன்னது?"

"நெசந்தான்."

"பில்டரு?"

"கொஞ்சம் அழுக்குதான். ஓடியிருக்கும்."

"பம்பு?"

"நல்ல பம்பு."

"எனக்க தோல்பை?"

பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். குடையைப் பற்றி முத்துநாயகம் கேட்கவில்லை. கம்பியை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அம்மாவின் கொண்டை ஊசியை வாங்கி மூடியின் ஓட்டையைக் குத்தினான். உள்ளேயிருந்து மஞ்சளாக, இழுவையாக ஒன்று சுருண்டு வந்தது. காய்ந்த ரப்பர் பால்.

"எவனோ ஒரு மடையன் ரப்பர் பால ஊத்தி அடைச்சிருக்கான்!" என்று பல்லைக் கடித்தான். கோளாறு தீர்ந்துவிட்டது. ஆனால் நல்ல பம்பைத்தான் அவனே கிழித்துவிட்டானே! ஆகவே டின்தான் கதி.

பானெட்டின் ஒரு பக்கத்தைக் கழற்றிப் பின்சீட்டில், சொர்ணம்மாளின் காலடியில் வைத்தான். குழாயை வாயால் உறிஞ்சி டின்னை நிரப்பினான். அதில் ஒரு வாய் பெட்ரோல் தொண்டைவரை போனது. முன்பக்க மட்கார்டின்மேல் முத்துநாயகத்தை உட்காரவைத்து, டின்னை அவர் தோளில் ஏற்றி, அவர் மேல்துண்டான நேரியலால் சேர்த்துக் கட்டினான். டின்னிலிருந்து குழாய் நேரே கார்புரேட்டருக்கு இறங்கியது.

"மாமா, டின் சரியப்படாது. இப்ப நீங்கதான் பம்பு."

"நான் பெண்ணு பாக்கப் போறேனா, பெட்ரோல் விக்கப் போறேனா?" என்று முத்துநாயகம் கேட்டு முடிக்கும்முன் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

என்ன சத்தம்! என்ன இழுவை! மத்தியானத்திலிருந்து இருமிக்கொண்டிருந்த வண்டியா இது? ஏற்றத்தில் புலிபோலப் பாய்ந்தது. வளைவுக்கு வளைவு முத்துநாயகம் ஒரு கையால் விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்று கத்தினார். பொன்னுலிங்கத்தின் காதில் எதுவும் விழவில்லை. அவன் அஸ்ஸாமில் இருந்தான்.

பேச்சிப்பாறை நெருங்க நெருங்க ஓர் அதிசயம் நடந்தது. சாயாக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் காரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்கள். ரோட்டுத் தடுப்பில் இருந்த காவல்காரன் தூரத்திலேயே கம்பைத் தூக்கிவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். ஒரே ஒரு குறை: எல்லோரும் முத்துநாயகத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்கள்.

சொர்ணம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"பாத்தியா மக்கா? காருன்னா அதுக்கு ஒரு மரியாத உண்டு."

நாலு இருபதுக்குப் பெண் வீட்டு முற்றத்தில் கார் வந்து நின்றது.

பகவதியப்பன் வராந்தாவில் நின்றார். ஆறடி ஆள், நரைத்த மீசை. வரவேற்பதற்காகத் தூக்கிய கை பாதியில் நின்றது. அவர் காரைப் பார்த்தார். மட்கார்டில் இருந்தவரைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். மறுபடியும் காரைப் பார்த்தார்.

"வாருங்க..." என்றார் ஒருவழியாக. "வாருங்க, வாருங்க."

படியிறங்கி வந்து காரை ஒருமுறை சுற்றினார். "நல்ல காரு."

"எங்களுக்கதுதான்" என்றாள் சொர்ணம்மாள், யாரும் கேட்காமலே.

"அப்படியா? வாங்கி எம்புட்டு நாளாச்சு?"

"ரெண்டு வருசம்" என்றாள் சொர்ணம்மாள். அதே நேரத்தில், நேரியலை அவிழ்த்துக்கொண்டிருந்த முத்துநாயகம், "ரெண்டு மாசம்" என்றார்.

"ரெண்டு வருசமும் ரெண்டு மாசமும்" என்றான் பொன்னுலிங்கம்.

பகவதியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். "இரியுங்க."

உள்ளே மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அறை முழுக்கப் பெட்ரோல் வாடை. பொன்னுலிங்கம் மறுபடி மாட்டியிருந்த கோட்டுக்குள் கையை மறைத்துக்கொண்டான். பெண் முத்துக்கனி காப்பித் தட்டோடு வந்தாள். நல்ல உயரம், நேரான பார்வை. காப்பியை அவனிடம் நீட்டும்போது மூக்கைச் சுருக்கினாள். ஆனால் முகம் சுளிக்கவில்லை. நகர்ந்து கதவோரம் நின்றாள்.

"ரோடெல்லாம் எப்படி?" என்று பேச்சைத் தொடங்கினார் பகவதியப்பன். "இந்த மாதிரிக் காரெல்லாம் திடீர் திடீர்னு நிக்கும்னு சொல்லுவாங்க. மூணு மைல் ஓடும், நிக்கும். பொறவு தானா ஓடும். என்ன காரணம்னே ஆருக்கும் தெரியல்ல."

சொர்ணம்மாள் மகனைப் பார்த்து கண்ணால் அடக்கினாள். பொன்னுலிங்கம் உதட்டைக் கடித்தான். காப்பியை ஒரு மிடறு குடித்தான். அவனால் முடியவில்லை.

"காரணம் எனக்குத் தெரியும் மாமா."

அப்புறம் அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை. பம்பு எப்படி மூச்சுவிடும், பில்டர் எப்படி அரிக்கும், தக்கை போனால் என்ன ஆகும், டயாப்ரம் கிழிந்தால் என்ன செய்யலாம் என்று எல்லாவற்றையும் சொன்னான். கோட்டுக்குள் இருந்த கை வெளியே வந்து கரியோடு காற்றில் படம் வரைந்தது.

"இவ்வளவும் நல்லா இருந்தது மாமா. கோளாறு வேற எடத்துல. எவனோ ஒரு மடையன் டேங்க் மூடி ஓட்டையில ரப்பர் பால ஊத்தி அடைச்சு வச்சிருக்கான்!"

பகவதியப்பனுக்குப் புரையேறியது.

"மடையனா?"

"அடிமடையன் மாமா. மழத்தண்ணி உள்ள போகப்படாதுன்னு ஊத்தியிருப்பான். டேங்க்குக்கும் மூச்சுவிடணும்னு அந்த மண்டையில உதிக்கல்ல."

கதவோரம் நின்ற முத்துக்கனி அப்பாவைப் பார்த்தாள். தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்க உள்ளே ஓடிவிட்டாள்.

"வெக்கம்" என்றாள் சொர்ணம்மாள்.

பகவதியப்பன் ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். எழுந்து உள்ளே போனார். ஏதோ பேச்சு, ஏதோ சிரிப்பு. திரும்பி வந்து நின்றார்.

"பிள்ளைக்குச் சம்மதம்."

சொர்ணம்மாள் கைகூப்பினாள்.

"ஆனா எனக்கு ஒரு காரியம் உண்டு. காரு இஞ்சயே நிக்கட்டு. நீங்க போறதுக்கு வண்டி கெட்டித் தாறேன். குலசேகரத்திலருந்து பஸ்ஸு உண்டு."

கூப்பிய கை இறங்கியது. "அது என்ன வழக்கம்? பையன் வீட்டுக்காரங்க காரு குடுக்கணுமா? நாங்க எந்த ஊருலயும் கேட்டதில்லயே!"

"இந்த ஊரு வழக்கம்னு வச்சிக்கிடுங்க" என்றார் அவர். கண் மட்டும் பொன்னுலிங்கத்தின் மேலேயே இருந்தது.

பொன்னுலிங்கம் அம்மாவைப் பார்த்தான். வேண்டாம், வேண்டாம் என்று அவள் தலை சின்னதாக அசைந்தது. கதவின் பின்னால் சேலைக்கரை தெரிந்தது. அங்கே முத்துக்கனி கேட்டுக்கொண்டிருக்கிறாள். ராஜையனின் காரை இங்கே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பொய்யை விட்டுவிட்டுப் போகவும் அவனுக்கு மனம் வரவில்லை. எழுந்து நின்றான்.

"மாமா, காரு எனக்கது இல்ல. வடசேரிப் பட்டறைக்காரன் ராஜையனுக்கது. இன்னைக்கு ஒருநாளைக்கு வாங்கிட்டு வந்தேன். நான் கோட்டாத்துல ஜவுளிக்கடையில துணி கிழிக்கேன். முன்ன பட்டாளத்துல லாரி ஓட்டினேன். அம்மைக்கு அதச் சொல்ல வெக்கம். எனக்கு வெக்கம் இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டான். "பில்டர் கழுவினதும், நல்ல பம்பக் கிழிச்சதும், மூடியில இருந்த ஓட்டையக் கண்டுபிடிச்சதும், பம்பு இல்லாமலே இந்த ஏத்தத்த ஏறினதும், அது மட்டும்தான் எனக்கது."

சொர்ணம்மாள் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். முத்துநாயகம் போகிற வழிக்குப் பழத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று தட்டத்தைப் பார்த்தார்.

பகவதியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மீசை துடித்தது. வயிறு குலுங்கியது. சுவர் அதிரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து, கரிபிடித்த அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தை மாசத்துல நாள் குறிச்சிருவோம்" என்றார் சொர்ணம்மாளிடம். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ இசக்கி! ஷெட்டுக் கதவத் தெற!"

சொர்ணம்மாள் தலைப்பை விலக்கினாள். கண்ணில் நீர் நின்றது, ஒன்றும் விளங்கவில்லை.

"எங்களுக்கு காரு இல்லன்னு தெரிஞ்சுமா பெண்ணு தாறீங்க?"

அவர் பதில் சொல்லுமுன், வீட்டு வேலைக்காரன் இசக்கி சாவிக்கொத்தோடு முற்றத்துக்கு வந்தான். காரைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து, அதன் மூக்கில் படிந்திருந்த தூசியை ஆசையாகத் துடைத்தான்.

"நம்ம காருல்லா இது! மூணு பட்டறைக்காரனும் ஆவாதுன்னு கைவிட்டு வடசேரியில கெடந்தத, மொதலாளி, மாப்பிள்ளையா ஓட்டிட்டு வந்து வீடு சேத்தாரு?"